படகில் இருக்கிறீர்களா, விழுந்துகொண்டிருக்கிறீர்களா? சறுக்குப் பலகை கேனோ பற்றிச் சில கேள்விகள்

போன வாரம் நண்பர்களுக்கு ஒரு பழைய புகைப்படம் அனுப்பினேன். படகு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஒரு பலகை. பார்த்தவர்கள் கேட்டதைத்தான் மேலே தலைப்பாக வைத்திருக்கிறேன். படகில்தான் இருக்கிறேன். ராணுவத்தில் பாய்மரப் படகு பழகியவன். ஓய்வு பெற்றபின் ஆறு வருடம் இங்கிலாந்தில் வேலை. அங்கேதான் ‘இன்டர்நேஷனல் கேனோ’ என்கிற இந்த ஒல்லிப் பாய்மரப் படகின் பைத்தியம் பிடித்தது. இப்போது காட்பாடிவாசி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

குடியாத்தம், மளிகைக் கடைக்காரர்: துடுப்புப் படகுப் போட்டியில்கூட இருக்கை முன்னும் பின்னும் ஓடுமே, அதுதானா இது?

இல்லை அண்ணே. அது சக்கரம் வைத்த சின்ன இருக்கை, நீளவாக்கில் ஓடும். இது குறுக்குவாக்கில் ஓடுவது. படகு சுமார் 5.2 மீட்டர் நீளம், அகலம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். அதன்மேல் குறுக்கே ஒரு சட்டம், சட்டத்துக்குள் ஒரு நீளப் பலகை. காற்று வருகிற பக்கம் பலகையை வெளியே தள்ளி, நுனியில் போய் உட்கார வேண்டும். ஆள் ஒருவர்தான். இரண்டு பாய்களும் சேர்ந்து 10 சதுர மீட்டர்.

காட்பாடி, பொறியியல் மாணவர்: சார், மற்றப் படகுகளில் இடுப்பில் கம்பி மாட்டி வெளியே தொங்குகிறார்களே. அதை விட்டுவிட்டுப் பலகை எதற்கு?

கம்பியில் தொங்கினாலும் பாதம் படகின் விளிம்பில்தானே இருக்கிறது? படகு அகலமாக இருந்தால் அது நல்ல வழி. நம் படகோ ஒல்லி. நீங்களே கணக்குப் போடுங்கள். 70 கிலோ ஆள் விளிம்பில் உட்கார்ந்தால் நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர், எடையைத் தூரத்தால் பெருக்கினால் 35. பலகை நுனியில் ஏறத்தாழ 2 மீட்டர், அதாவது 140. அதே ஆள், நான்கு மடங்கு பிடிமானம். அதனால்தான் இவ்வளவு ஒல்லியான உடம்பு அவ்வளவு பாயைத் தாங்குகிறது. ஒல்லியாக இருப்பதால்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது.

புரியவில்லை என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் ஏற்றம் பற்றிக் கேளுங்கள். ஏற்றமரத்தின் மேல் நிற்பவர் கிணற்றுப் பக்கம் நாலு அடி வைத்தால் சால் இறங்கும், பின்னால் நாலு அடி வைத்தால் சால் ஏறும். அதே வேலைதான் இது. என்ன, இங்கே சாலுக்குப் பதில் காற்று. அதன் எடை நொடிக்கு நொடி மாறும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: பலத்த காற்று அடித்தால் கவிழ்ந்துவிடாதா?

எல்லாருக்கும் இதே பயம்தான். காற்று கூடினால் செய்ய வேண்டியது சுலபம்: கையிலிருக்கும் பாய்க்கயிற்றை ஒரு முழம் விடுங்கள், பாய் காற்றை உதிர்த்துவிடும், படகு நிமிரும். என்னைத் தண்ணீரில் தள்ளியது பெரும்பாலும் காற்று அடித்ததல்ல, காற்று நின்றது.

நீங்கள் இரண்டு மீட்டர் வெளியே அந்தரத்தில் இருக்கிறீர்கள். உங்களைத் தாங்குவது பாயில் இருக்கிற காற்று. அது சட்டென்று நின்றால் உங்கள் எடைக்கு எதிரே ஒன்றுமில்லை. படகு உங்கள் பக்கமே சாயும், பலகை நுனி தண்ணீரைத் தொடும். தொட்டால் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்த மாதிரி மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். பாயில் மிச்சமிருந்த காற்றும் போய்விடும். அப்புறம் குளியல்தான்.

அதனால் கண் பாயில் இருக்கக் கூடாது, தண்ணீரில் இருக்க வேண்டும். காற்று வருகிற திசையில் தண்ணீர் கருத்து, சுருக்கம் சுருக்கமாகத் தெரிந்தால் காற்று வருகிறது. வழவழவென்று எண்ணெய் ஊற்றிய மாதிரி தெரிந்தால் நிற்கப்போகிறது. அதைப் பார்த்த உடனே, காற்று நிற்பதற்கு முன்பே, முழங்காலை மடக்கி உள்ளே வந்துவிட வேண்டும்.

அதே நபர்: திரும்பும்போது என்ன செய்வீர்கள்? பலகை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் ஆகிவிடாதா?

ஆகும். முதல் மாதம் முழுக்க அப்படித்தான் ஆனது. காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி அடுத்த பக்கம் போவதை மெதுவாகச் சொல்கிறேன்.

முதலில் உள்ளே வாருங்கள், ஆனால் சுக்கானைத் திருப்பாதீர்கள். சுக்கான் கைப்பிடியிலிருந்து பலகை நுனிவரை எட்டுகிற ஒரு நீளக் கோல் உங்கள் கையில் இருக்கும். வருகிற வழியில் அது எதிலும் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படகுக்குள் பாதம் ஊன்றியதும் சுக்கானை மெல்லத் தள்ளுங்கள். வெடுக்கென்று தள்ளினால் ஓட்டம் செத்துவிடும். படகு இலேசு, உந்துவிசை சீக்கிரம் தீர்ந்துபோகும். மூக்கு திரும்பும்போதே பலகையை அடுத்த பக்கம் தள்ளுங்கள். குனிந்து, பாயின் அடிக்கழிக்குக் கீழே நுழைந்து, அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். முன்பாய் தானாகவே பக்கம் மாறிக்கொள்ளும்படி பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். அது ஒரு புண்ணியம். கடைசியாகத்தான் பெரிய பாயின் கயிற்றை இழுக்க வேண்டும். நாம் போய் உட்காருவதற்கு முன் இழுத்தால் காற்று நமக்காகக் காத்திருக்காது.

பாதியில் நின்றுவிட்டால் படகு பின்னோக்கி நகரும், அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். பதறாமல் எதிர்ப்பக்கம் பிடியுங்கள்.

காற்று முதுகில் இருக்கும்போது பக்கம் மாறுவது இதைவிடச் சிரமம். எழுதிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. தண்ணீரில்தான் கற்க வேண்டும்.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை ஊழியர்: ஏலகிரியில் மிதிபடகு ஓட்டியிருக்கிறேன். நேரே இதில் ஏறலாமா?

வேண்டாம் தம்பி. கட்டிவைத்த மாட்டுவண்டியில் உட்கார்ந்துவிட்டு ஜல்லிக்கட்டுக்குப் போகிற கதை. நிறுத்திவைத்தால்கூட இந்தப் படகு தானாக நிற்காது. ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். சென்னையில் ஒரு சின்னப் படகிலோ ஐஎல்சிஏ படகிலோ இரண்டு பருவம் பழகுங்கள். லேசர் என்று முன்பு சொன்னார்களே, அதுதான் ஐஎல்சிஏ. நம் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது அதில்தான். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் அதில்தான் ஓட்டினார்.

வாலாஜாபேட்டை, ஆசிரியை: நம் பக்கத்தில் எங்கே ஓட்டலாம்?

அம்மா, வயிற்றெரிச்சலான கேள்வி. பாலாற்றில் வருடத்துக்கு முக்கால்வாசி மணல். காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்தால் கடல் மாதிரி இருக்கும், ஆனால் அது நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. அம்மி பறக்கிற காற்று அடிப்பதோ ஆடியில். காற்று இருக்கும்போது தண்ணீர் இல்லை, தண்ணீர் இருக்கும்போது காற்று இல்லை, அல்லது புயல். மோர்தானா அணையைப் பார்த்தேன், சுற்றிலும் மலை. மலையைச் சுற்றி வருகிற காற்று அடிக்கும், நிற்கும், திசை மாறும். மேலே சொன்னேனே, நின்று நின்று அடிக்கிற காற்று, அதுவேதான். போதாததற்கு ஏரிகளில் தண்ணீருக்கடியில் வேலிக்காத்தான் கட்டைகள். படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்குகிற நடுப்பலகை ஒரு மீட்டர் கீழே போகும், அது கட்டையில் மோதினால் பலகையும் போச்சு, படகும் போச்சு. நீர்வளத்துறை அனுமதி தனி. அதனால் நான் சென்னைக்குத்தான் போகிறேன்.

ஆரணியிலிருந்து ஒருவர்: இதை முதலில் கண்டுபிடித்தது தமிழர்தானே?

கட்டுமரம் என்ற சொல் நம்மிடமிருந்து போனது உண்மை. பாக் நீரிணைப் பக்கத்துப் படகுகளில் குறுக்கே நீளப் பலகை வைத்து, காற்றுப் பக்கம் ஆள் ஏறி உட்கார்வதும் உண்மை. ஆனால் இந்தப் போட்டிக் கேனோவில் சறுக்குப் பலகையைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் 1880-களில் அமெரிக்காவின் பால் பட்லர். அவர் நம்மைப் பார்த்துச் செய்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை; ஒரே தொல்லைக்கு இரண்டு கரைகளில் ஒரே யோசனை வந்திருக்கலாம்.

இந்தப் படகுகளுக்கான நியூயார்க் கோப்பை 1886-இல் தொடங்கியது. முதல் முறை இங்கிலாந்திலிருந்து சவால் விட்டு வந்தவர்களில் ஒருவர் வாரிங்டன் பேடன்-பவல், சாரணர் இயக்கம் தொடங்கியவரின் அண்ணன். கோப்பை அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. 1933-இல்தான் இங்கிலாந்திலிருந்து ஊஃபா ஃபாக்ஸும் ரோஜர் டி குவின்சியும் போய் ஜெயித்து வந்தார்கள்.

வேலூர், சத்துவாச்சாரி, தச்சர்: வீட்டிலேயே செய்ய முடியுமா?

படகைச் செய்யாதீர்கள், முதலில் பலகையைச் செய்து பாருங்கள். நான் தேக்கில் கனமாக ஒன்று செய்தேன். தூக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது, ஒவ்வொரு திருப்பத்திலும் தாடையில் இடித்தது. உள்ளே வெற்றிடம் விட்டு, மெல்லிய பிளைவுட்டை எபாக்ஸியால் ஒட்டிப் பெட்டி மாதிரி செய்வதுதான் சரி. இலேசான மரம் போதும்.

நம் ஊர் வெயிலில் எபாக்ஸி ஒரு தனிச் சங்கதி. மே மாதம் பகல் இரண்டு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது டம்ளர் உருகிச் சாய்ந்து, உள்ளே புகைந்துகொண்டிருந்தது. குவியலாக இருந்தால் அதன் சூட்டிலேயே அது வேகும். விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாக, அகலத் தட்டில் பரப்பிக் கலக்குங்கள்.

கேட்டவர் பெயர் சொல்லவில்லை: அந்தத் தேக்குப் பலகை இப்போது எங்கே?

மொட்டை மாடியில், இரண்டு செங்கல் மேல். வீட்டம்மா அதில் வடாம் காயவைக்கிறார். நுனியில் கல் வைக்காமல் ஒரு பக்கம் மட்டும் பிழிந்தால் சாய்ந்துவிடும் என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, அவராகவே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பிழிகிறார்.