தம்பி, நீங்கள் இருப்பது எந்த டவுன்ஷிப்?

தம்பி, நியூஜெர்சி ஐஸ்லினுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, ராத்திரி பதினோரு மணிக்கு உங்கள் போனும் மனைவி போனும் ஒரே நேரத்தில் அலறின, ‘ஃப்ளாஷ் ஃப்ளட்’, அதாவது திடீர் வெள்ளம், என்று இருந்தது, குழந்தை பயந்து எழுந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் வெளியே சைரன் வேறு கேட்டது என்று எழுதியிருந்தீர்கள். இதை அனுப்புவது யார், எங்கேயாவது பதிவு செய்யவேண்டுமா, செய்தால் எச்1பி விசாவுக்கு வம்பு வருமா என்பது உங்கள் கேள்வி. கூடவே நல்ல பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, கார் லீஸ். அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓக் ட்ரீ ரோட்டில் இறங்கினால் முருங்கைக்காய் முதல் மணத்தக்காளி வத்தல் வரை எல்லாம் கிடைக்கும், அதை விடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அந்த அலறலைப் பற்றித்தான், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ளாமல் நான் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை.

முதலில் சைரன். நியூஜெர்சியில் பல ஊர்களில் தீயணைப்பு நிலையம் தன்னார்வலர்களால் நடப்பது. எங்கேயாவது தீ, விபத்து என்றால் அவர்களைக் கூப்பிட சைரன் ஊதுவார்கள், நடுராத்திரியிலும் ஊதும். நம்ம ஊர் நகராட்சிச் சங்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சைரன் கேட்டால் எங்கும் ஓடவேண்டியதில்லை. இந்த மாநிலத்தின் தெற்கே சேலம் என்றே ஒரு கவுண்ட்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அங்கே அணுமின் நிலையத்தைச் சுற்றிப் பத்து மைலுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அதற்கென்றே தனி சைரன் உண்டு, அது வேறு கதை.

போன் அலறல் அப்படியில்லை. அது செல்போன் கோபுரம் வழியாக அந்த வட்டாரத்தில் இருக்கிற எல்லா போனுக்கும் போவது. யாரும் உங்கள் எண்ணைக் குறித்து வைத்து அனுப்பவில்லை, பதிவும் தேவையில்லை. சாதாரண மழைக்கு அது வராது. வந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். நம்ம ஆட்கள் பலபேர் முதல் வேலையாக செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுகிறார்கள், தூக்கம் கெடுகிறதாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, அடுத்து நான் கேட்கிறேன். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள்? ஐஸ்லின் என்பீர்கள். அது தபால் முகவரி. உங்கள் டவுன்ஷிப், அதாவது உள்ளூராட்சி, உட்பிரிட்ஜ். கொலோனியா, ஃபோர்ட்ஸ், அவெனல் எல்லாம் அதே உட்பிரிட்ஜ்தான். கெண்டால் பார்க், மன்மத் ஜங்ஷன் என்று எழுதுகிறவர்கள் உண்மையில் சவுத் பிரன்ஸ்விக், பிரின்ஸ்டன் ஜங்ஷன்காரர்கள் வெஸ்ட் விண்ட்சர், சாமர்செட் என்பவர்களில் பெரும்பாலோர் ஃப்ராங்க்ளின். பத்து வருஷமாக இங்கே இருந்து வீடும் வாங்கி சொத்து வரியும் கட்டுகிறவர்களில்கூட எத்தனையோ பேருக்கு இது உறைப்பதில்லை. இந்த மாநிலத்தில் 564 உள்ளூராட்சிகள். ஒவ்வொன்றும் சட்டப்படி ஒரு அவசரகால ஒருங்கிணைப்பாளரை நியமித்தாக வேண்டும், மூன்று வருஷப் பதவி. ஆபத்து என்றால் முதலில் முடிவெடுப்பது அவர்தான். எந்தச் சாலையை மூடுவது, எந்தப் பள்ளியைத் தங்குமிடமாகத் திறப்பது என்பதெல்லாம் டவுன்ஷிப் அளவில்தான் தொடங்கும். டவுன்ஷிப் தெரியாதவனுக்கு அந்தச் செய்தி எதுவும் வந்து சேராது.

எனக்குச் சேரவில்லை. நான் கடலூர்க்காரன். 2011 டிசம்பர் 30 தானே புயல் எங்கள் வீட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனதைப் பார்த்தவன். மறு வருஷம் ஆகஸ்டில் இங்கே வந்தேன். கூட்டி வந்த கன்சல்டன்சி ஐஸ்லினில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஏழு பேரை அடைத்து வைத்திருந்தது, பிராஜெக்ட் கிடைக்கும்வரை சம்பளம் கிடையாது. அக்டோபர் 29, திங்கட்கிழமை ராத்திரி சாண்டி புயல் அட்லாண்டிக் சிட்டி பக்கம் கரையேறியது. எட்டு மணி வாக்கில் கரண்ட் போனது. மாநிலம் முழுக்க 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருட்டு. அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டு, “அங்க கூண்டு எத்தனாம் நம்பர் ஏத்தியிருக்காங்க?” என்று கேட்டார். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். இங்கே கூண்டும் இல்லை, மைக்கும் இல்லை, எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. சார்ஜ் தீருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாலு நாள் ஏழு பேரும் ஜாக்கெட்டோடு படுத்துக் கிடந்தோம். கேஸ் அடுப்பைத் தீக்குச்சி வைத்துப் பற்ற வைத்து சோறும் ரசமும். ஹீட்டர் இல்லை. ஒருவன், பதினைந்து மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் கூட்டமே இல்லையாம் என்று யாரோ அனுப்பிய செய்தியை நம்பி இருந்த பெட்ரோலையும் எரித்துவிட்டு வந்தான். நவம்பர் 3 முதல் நம்ம மிடில்செக்ஸ் உட்பட 12 கவுண்ட்டிகளில் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறை கொண்டுவந்தார்கள், நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றை என்றால் ஒற்றைத் தேதியில்தான் பெட்ரோல். அதுவும் எங்களுக்கு வரிசையில் போய் நின்று மூன்று மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அஞ்சாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். தன்னார்வத் தீயணைப்பு வீரர். மூட்டை மூட்டையாகப் போர்த்திக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் திறந்திருக்கிறதே, ஹீட்டர் ஓடுகிறது, சூடாகக் காபி இருக்கிறது, போன் சார்ஜ் போடலாம், ஏன் போகவில்லை என்றார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றோம். எந்த ஊர் நீங்கள் என்று கேட்டார். ஏழு பேரும் ஒரே குரலில், பக்கத்து டவுன்ஷிப்பின் பெயரான “எடிசன்” என்றோம். அந்த மனிதர் ஒரு நிமிஷம் எங்களையே பார்த்தார். பிறகு ஒரு பழைய மின்கட்டண உறையின் பின்னால் ‘உட்பிரிட்ஜ்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே டவுன்ஷிப் போலீஸின் அவசரமில்லாத அழைப்பு எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அந்த உறை இன்னும் என் பாஸ்போர்ட்டோடு இருக்கிறது. எங்களுக்குக் கரண்ட் வந்தது ஒன்பதாம் நாள், நவம்பர் 7, அன்றைக்குப் பனியும் கொட்டியது.

இனி யார் யார் என்பதைச் சொல்கிறேன். டவுன்ஷிப்பால் முடியாதது கவுண்ட்டிக்குப் போகும், இருபத்தொரு கவுண்ட்டி. அங்கிருந்து மாநில அவசரகால மேலாண்மை அலுவலகம். அது மாநிலப் போலீஸின் கையில், வெஸ்ட் ட்ரெண்டனில் இருந்து நடக்கிறது, மாநிலப் போலீஸ் தலைவர்தான் அதற்கும் தலைவர். ஆளுநர் அவசரநிலை அறிவித்தபின் வாஷிங்டனிலிருந்து ஃபீமா, அதாவது மத்திய அரசின் பேரிடர் அமைப்பின், உதவி கேட்கலாம். பயங்கரவாதத் தடுப்பு, உளவுத் தகவல், சைபர் இதெல்லாம் இன்னொரு அலுவலகம்: உள்நாட்டுப் பாதுகாப்பு மற்றும் ஆயத்த அலுவலகம். ஹாமில்டனில் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இந்த மாநிலத்துக்காரர்கள் எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் ரயிலேறி நியூயார்க்குக்கு வேலைக்குப் போனவர்கள். அடுத்த மாதமே சட்டம் போட்டு ஒரு பணிக்குழு அமைத்தார்கள், 2006ல் ஆளுநர் கோர்ஸைன் ஆணையால் இந்த அலுவலகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் மாநிலத்துக்கு என்னென்ன அச்சுறுத்தல் என்று ஒரு அறிக்கை வெளியிடுகிறார்கள், யாரும் படிக்கலாம். கோயில், மசூதி, சர்ச், சினகாக் பிரதிநிதிகளை உட்காரவைத்துப் பேச ஒரு குழுவும் உண்டு, கோயில்களுக்குக் கேமரா, கதவுப் பாதுகாப்புக்கு மானியமும் கிடைக்கும். நம்ம சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு ஓடுகிற ஓட்டத்தில் பாதி இதற்கும் ஓடலாம் என்பது என் பல நாள் ஆதங்கம்.

பதிவு செய்யவேண்டுமா? வேண்டும், இன்றைக்கே. டவுன்ஷிப், கவுண்ட்டி அனுப்பும் செய்திகள் பதிந்தவர்களுக்குத்தான் வரும். செயலியின் பெயர் ஊருக்கு ஊர் மாறும், டவுன்ஷிப் இணையதளத்தில் முகப்பிலேயே இருக்கும். பெயர், போன், முகவரி கேட்பார்கள், விசா கேட்கமாட்டார்கள். 2018லிருந்து மாநிலத் தலைமை வழக்கறிஞரின் உத்தரவே இருக்கிறது, உள்ளூர்ப் போலீஸ் குடியுரிமை விசாரிக்கும் வேலையில் இறங்கக்கூடாது என்று. ஆகவே அந்தப் பயம் வேண்டாம். அப்பா அம்மா வந்து தங்கும்போது நடக்கமுடியாதவர்கள், ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் என்றால் ‘ரெஜிஸ்டர் ரெடி’ என்று தனிப் பட்டியல் உண்டு, அதிலும் சேர்த்துவிடுங்கள். உயிர்போகும் விஷயத்துக்கு 911, எங்கே தங்குமிடம், எங்கே உதவி என்பதற்கு 211.

அப்புறம் வாட்ஸ்அப். இதில்தான் எனக்குக் கோபம் வரும். 2024 டிசம்பரில் வானத்தில் ட்ரோன், ட்ரோன் என்று மாநிலமே அல்லாடியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் குரூப்பில் ஒரு ராத்திரிக்கு இருநூறு செய்தி, ஈரான் கப்பலிலிருந்து வருகிறது என்று ஒருவர், கதிர்வீச்சு தேடுகிறார்கள் என்று ஒருவர். எஃப்பிஐக்கு 5,000க்கும் மேல் தகவல் போனது, அதில் துப்பாகத் தேறியது சுமார் நூறு. சிலர் விமானத்தை நோக்கி லேசர் அடிக்கிற அளவுக்குப் போனார்கள், உள்ளே இருப்பது மனிதர்கள் என்ற நினைப்பே இல்லாமல். அரசு மேல் எனக்கும் குறை உண்டு. மேயர்களை வெஸ்ட் ட்ரெண்டனுக்கு அழைத்து விளக்கம் சொன்னது டிசம்பர் 11ல், பார்த்தவர்கள் பேசத் தொடங்கி மூன்று வாரம் கழித்து. அத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் வதந்தி வராமல் என்ன செய்யும்? ஆனாலும் பார்வர்டு செய்கிற விரல் நம்முடையதுதானே. சுங்கக் கட்டணப் பாக்கி என்று லிங்க் வரும், ‘இமிக்ரேஷன் ஆபீஸர்’ என்று போன் வரும், என் அறைத்தோழன் ஒருவன் கிஃப்ட் கார்டு எண்ணைச் சொல்லி 1,200 டாலர் இழந்தான். மாநிலத்தின் சைபர் பிரிவு 2015லிருந்து இயங்குகிறது, அவர்களிடம் புகார் செய்யலாம், இலவசமாக எச்சரிக்கை மடலும் அனுப்புகிறார்கள்.

ரயில் நிலையத்தில் ‘பார்த்தால் சொல்லுங்கள்’ என்று ஒட்டியிருப்பார்கள். செயலைப் பார்த்துச் சொல்லுங்கள், ஆளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். என் அப்பா வேட்டியோடு நின்று ரயிலைப் படம் எடுத்ததற்கு யாரோ போன் போட்டு, போலீஸ்காரர் வந்து பத்து நிமிஷம் விசாரித்தார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அதற்குப்பின் அப்பா தனியாக வாக்கிங் போகவே இல்லை. தாடியைப் பார்த்து, தலைப்பாகையைப் பார்த்துச் சந்தேகப்படுகிற நம்மவர்களைக் கண்டால் எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் ஞாபகம் வரும்.

இங்கே நம்மைத் தாக்குவது பெரும்பாலும் தண்ணீர்தான். 2021 செப்டம்பர் 1, ஐடா புயலின் மழை. அதில் இந்த மாநிலத்தில் முப்பது பேர் இறந்தார்கள், நிறையப் பேர் காருக்குள்ளேயே. சாலையில் தண்ணீர் நின்றால் திருப்புங்கள், எதிரே எஸ்யூவி போகிறதே என்று பின்னால் போகாதீர்கள். வாடகைக் காப்பீடு வெள்ளத்துக்கு வராது, வெள்ளக் காப்பீடு தனி, அரசுத் திட்டத்தில் எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், மேகத்தைப் பார்த்துவிட்டு எடுக்கமுடியாது. எச்1பிகாரர்களுக்கு ஃபீமா பண உதவி கிடையாது, வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் அதன் பெயரில் கேட்கலாம். 2024 மார்ச்சிலிருந்து வெள்ள அபாயத்தை வீட்டுக்காரர் குத்தகைக்கு முன்பே எழுத்தில் சொல்லவேண்டும், உங்கள் ஒப்பந்தத்தைத் தேடிப்பாருங்கள்.

சாண்டிக்குப் பிறகு நான் சமுதாய அவசர உதவிக் குழுவில் பயிற்சி எடுத்தேன், இருபது மணி நேரம், இலவசம், பச்சை ஹெல்மெட்டும் சட்டைக்கு மேல் போடும் வெஸ்ட்டும் கொடுத்தார்கள். எங்கள் வளாகத்தில் அதை எடுத்த முதல் தமிழன் நான், அதில் எனக்குப் பெருமைதான். ஐடா ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு கீழ்த்தள வீடுகளைத் தட்டினேன். ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது, டிவி சத்தம் கேட்கிறது, கதவு திறக்கவில்லை. ஆங்கிலத்தில் கத்தினேன், போலீஸைக் கூப்பிடுவேன் என்று உள்ளிருந்து குரல். வெஸ்ட் போட்டுக்கொண்டு திருடர்கள் வருகிறார்கள் என்று அன்று சாயங்காலம்தான் குரூப்பில் ஒரு செய்தி வந்திருந்ததாம். வாசலில் கோலமாவு டப்பா ஒன்று மிதந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துத்தான், “அக்கா, தண்ணி ஏறுது, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு மாடிக்கு வாங்க” என்றேன். சங்கிலியை எடுக்கிற சத்தம் கேட்டது.

நீங்கள் கீழ்த்தளமா மாடியா என்று எழுதவில்லையே. அதை முதலில் எழுதுங்கள், மீதியைப் பிறகு பேசலாம்.