நோ இருக்கும்போதே சலம் எடுங்கள்

கேள்வி: மகளுக்கு 26 வயது. மாதவிடாய்க்கு முந்தின கிழமையில் தாங்கேலாத வயிற்றுநோ, வாந்தி, நித்திரையில்லை, மனக்குழப்பம். அப்பெண்டிக்ஸ் எடுத்தார்கள், அதில் பிழையில்லையாம். இப்போது கையிலும் பலமில்லை. வைத்திய நிபுணர் 'போர்பிரியா' என்று சந்தேகிக்கிறார். வெளியூரில் முழுப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்வதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா? (சுன்னாகம்)

பதில்: முதலில் கைப்பலம். அது குறைந்துகொண்டு போனால் இன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் தசையையும் பிடிக்கும், ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பும் வரும்.

ரத்தத்தின் சிவப்புக்கு வேண்டிய 'ஹீம்' கல்லீரலிலும் உருவாகிறது. அந்த வேலையில் ஒரு என்சைம் பாதியளவில்தான் இருந்தால், இடைப்பொருள்கள் தேங்கி நரம்பைத் தாக்கும். மகளுக்குச் சந்தேகிக்கிற போர்பிரியா இதுதான். குடல் நரம்பு, கைகால் நரம்பு, மூளை எல்லாம் பாதிக்கப்படும். ரத்தத்தோடு சம்பந்தப்பட்ட நோய் என்று எஃப்.பி.சி. (ரத்தக் கலங்களை எண்ணும் சோதனை) எடுத்தால் அது சாதாரணமாகவே வரும். ஸ்கானும் அப்படித்தான்.

வேண்டியது ஒரு சலப் பரிசோதனை: 'போர்போபிலினோஜன்' (தேங்கும் இடைப்பொருள்களில் ஒன்று), கூடவே சலம் எவ்வளவு ஐதானது என்று கணிக்கக் கிரியேற்றினின். படிவத்தில் 'போர்பிரின்' (அதே வேலையில் உருவாகும் வேறு பொருள்) என்று மட்டும் எழுதியிருந்தால் திருத்திக் கேளுங்கள். ஈரல் நோயிலும் அது கூடும், வீண் பயம்தான் மிஞ்சும். நோ இருக்கும்போது, மருந்து ஏற்றமுன், சுத்தமான போத்தலில் 20 மில்லிலீற்றர் போதும். 24 மணிநேரச் சலம் தேவையில்லை. உடனே அலுமினியத் தாளால் மூடிவரைக்கும் சுற்றிக் குளிரில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் அந்தப் பொருள் சிதையும். வெயில் விழும் மேசையில் மத்தியானம் வரை கிடந்த போத்தலுக்கு 'நோர்மல்' என்று அறிக்கை தருவதை எத்தனை தரம்தான் பார்ப்பது! நோய் இருந்தால் அளவு பெரும்பாலும் பத்து மடங்குக்கு மேல் நிற்கும், இழுபறி இராது.

ஒன்றைக் கவனியுங்கள். நோ மாறி இரண்டு கிழமைக்குப் பின் எடுத்த சலம் சரியாக இருந்தால் நோயில்லை என்று முடிவுகட்ட முடியாது. இந்த நோயில் ஒரு வகையில் அளவு மாதக்கணக்காக உயர்ந்தே நிற்கும். வேறு இரு வகைகளில் சில நாளிலேயே இறங்கிவிடும். அவற்றுக்கு மலத்திலும் போர்பிரின் பார்க்கவேண்டும். ஆகவே அடுத்த நோ வரும்போது திரும்ப எடுங்கள். இந்தத் தடவையும் சரியாக வந்தால் வேறு காரணம் தேடலாம்.

அந்த 'ஒழுங்கு செய்பவர்' முதலில் மரபணுச் சோதனையைத்தான் விற்பார். அது பிழையான ஜீன் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். இந்த நோ அதனால்தானா என்று சொல்லாது. ஜீன் இருந்தும் வாழ்நாள் முழுக்க நோய் வராதவர்களே கூடுதல். சலம் உறுதியானபின் குடும்பத்துக்காக எடுக்கலாம். அதுவரை காசைப் பிடித்து வையுங்கள்.

சில மருந்துகள் இந்த நோவைக் கிளப்பும். முடிவு வரும்வரை பினோபாபிற்றல், பினிற்றோயின், கார்பமசெபின், கோட்றைமொக்சசோல், ஹோர்மோன் குளிசை எதுவும் வேண்டாம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிவையுங்கள். பரசிற்றமோல் பிழையில்லை. பட்டினியும் நோவைக் கிளப்பும்: சோறோ பிட்டோ வேளைக்குச் சாப்பிடட்டும், கேதார கௌரி விரதம் இந்த வருடம் வேண்டாம்.