பாட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்பவர்களுக்கு

பாட்டி இறந்துவிட்டார், அவர் வாழ்க்கையை எழுதி வைக்க ஆசை, ஆனால் “வீட்டோடு இருந்த மனுஷி, எழுத என்ன இருக்கு” என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, போனபோது எங்கள் வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பாயிக்கு மன்னார்குடிப் பக்கம். 1955இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, டெக்கில் பாய் விரித்துப் படுத்து சிங்கப்பூர் வந்தார். தாத்தாவுக்குச் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார், அதிகாரி யார், சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே குடியிருப்பில் அப்பாயி பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்துச் சீட்டு பிடித்ததை யாரும் கதையாகச் சொன்னதில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் எத்தனை மாதம் கட்டினார், யாருக்கு இந்த மாதம் என்பது முழுக்க மனக்கணக்கு. சந்தையில் சீனர்களோடு மலாயில் பேரம் பேசுவார்.

1968இல் பிரிட்டிஷ்காரர்கள் 1971க்குள் போய்விடுவோம் என்று அறிவித்தார்கள். தளத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. நம்மவர்கள் பலர் கிடைத்த பணத்தோடு ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். தாத்தாவும் கிளம்புவதாகத்தான் இருந்தார், ஊரில் நிலம்கூடப் பேசி வைத்திருந்தார்களாம். அப்பாயி ஒரே பேச்சாக, “புள்ளைங்க பள்ளிக்கூடம் இங்க இருக்கு. நான் வரல” என்றாராம். சொன்னதோடு நிற்கவில்லை. செம்பவாங்கில் நியூசிலாந்துப் படை 1989 வரை இருந்தது இல்லையா, அந்தக் குடும்பங்களில் ஆயா வேலைக்குப் போனார். தாத்தாவுக்கு வேறு வேலை அமையும்வரை அடுப்பெரிந்தது அந்தச் சம்பளத்தில்தான். என் அப்பாவும் அத்தைகளும் படித்து, யீஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு வாங்கி, நான் இன்று இங்கே உட்கார்ந்து இதை எழுதுவதற்கு அந்த “நான் வரல” என்ற பேச்சுதான் காரணம்.

உடனே சிலர், தாத்தாவைக் குறைத்துப் பேசுகிறாள், பாட்டியைப் பெரிய புரட்சிக்காரி ஆக்குகிறாள் என்பார்கள். தாத்தாவின் உழைப்பை நான் மறுக்கவே இல்லை. அப்பாயியும் புரட்சி எதுவும் பேசியவரில்லை. பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயிலில் பால்குடம் எடுத்து, வேண்டுதலைக் கேட்டால்கூட வாய் திறக்காத சராசரி மனுஷி. குடும்பத்தின் முக்கியமான முடிவை எடுத்தவர் அவர் என்பதை மட்டும் சொல்கிறேன். பத்திரிகையில் போட்ட மரண அறிவிப்பில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்பதைத் தவிர அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். என் மகளுக்குத் தமிழ் டியூஷனில் ‘என் பாட்டி’ கட்டுரையை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதில் வரும் பாட்டி நிலா வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிறார். புளோக் வீட்டில் திண்ணை ஏது? வகுப்பில் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே பாட்டி. தேர்வில் மதிப்பெண் வரும் என்கிறார்கள், வரட்டும். ஆனால் சொந்தப் பாட்டியைப் பற்றி நாலு வரி தானாக எழுதினால் “இது போதாது” என்று சிவப்பு மையில் அடிப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாசம், தியாகம் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் எந்த வருஷம் எங்கே குடியிருந்தார், பணத்தை எங்கே ஒளித்து வைப்பார், யாரோடு பேசாமல் இருந்தார், எதற்கு “முடியாது” என்றார் என்று கேளுங்கள். பழைய அடையாள அட்டை, கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருந்தால் படம் எடுத்து வையுங்கள். அப்பா, சித்தப்பாக்களிடம் மட்டும் கேட்டால் தாத்தா கதைதான் வரும். பாட்டியோடு சீட்டுப் போட்டவர்கள், பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை), கோயிலுக்கு ஒன்றாகப் போனவர்கள், இவர்களிடம் போங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு எப்படியும் ஊர்க்காரப் பெரியம்மாக்கள் வருவார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள்.