பக்தனான கலகக்காரன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நண்பர் ஒருவர் சொல்லி லாரி நார்மனைக் கேட்டேன். கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ‘பீப்பிள்!’ என்ற குழுவில் ராக் பாடியவர், பாட்டு ஹிட்டான அதே 1968-இல் விலகி, பிறகு இயேசுவைப் பாடப் போய்விட்டார் என்று படித்ததும் வருத்தமாகிவிட்டது. கலகக்காரன் பக்தனானால் கலை அத்தோடு முடிந்துவிடுகிறது அல்லவா? பக்திப் பாட்டுக்கு நிலையான சந்தை உண்டு என்பதும் ஒரு காரணமாக இருக்குமோ? அவரை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக, காஸ்பெல், அதாவது அமெரிக்கக் கறுப்பின சபைகளின் பக்திப் பாட்டு, பாடிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ‘பக்தனானால் கலை முடிந்துவிடும்’ என்று எழுதுகிறீர்கள். சும்மா விட மனம் வரவில்லை.

சந்தைக் கதையைத் தள்ளுங்கள். 1969-இல் கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட நார்மனின் முதல் தனி ஆல்பம் ‘அப்பான் திஸ் ராக்’ விற்கவில்லை, கம்பெனி அவரைக் கைகழுவிவிட்டது. காசு பார்க்க நினைப்பவன் ஹிட் கொடுத்த குழுவை விட்டுவிட்டா போவான்?

அன்றைய சான் ஹோசேயில் கேரேஜ் ராக் குழுக்கள், அதாவது கரடுமுரடாக ராக் வாசிக்கும் இளைஞர் குழுக்கள், நிறைய. கவுண்ட் ஃபைவ், சிண்டிகேட் ஆஃப் சவுண்ட் இரண்டும் 1966-இல் அங்கிருந்து கிளம்பித்தான் நாடு முழுக்க ஒலித்தன. அந்தக் கூட்டத்தில் வந்த ‘பீப்பிள்!’, ஜோம்பீஸ் குழுவின் ‘ஐ லவ் யூ’வை எடுத்துப் பாடி, அமெரிக்காவின் ஹிட் பாட்டு வரிசையான பில்போர்ட் பட்டியலில் 14ஆம் இடம் வரை போனது. நார்மன் ஏன் விலகினார் என்பதற்கு அவர் சொன்னது ஒன்று, கூட இருந்தவர்கள் சொன்னது வேறொன்று, அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஆனால் இயேசு நிறைய வேண்டும், ராக் அண்ட் ரோல் குறைய வேண்டும் என்று கேட்கும் பழைய கண்ட்ரி பாட்டு ஒன்று அந்தக் குழுவின் முதல் ஆல்பத்திலேயே இருக்கிறது. ராக் குழுவே அதைப் பாடுகிறது! ஒரே ராத்திரியில் மனிதர் மாறிவிட்டார் என்று நீங்களாகக் கற்பனை செய்துகொண்டீர்கள்.

அப்புறம், இந்த ‘ராக்கிலிருந்து காஸ்பெலுக்கு’ என்கிற பயணக் கதையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ராக் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? தார்ப் 1915-இல் ஆர்கன்சாவில் பிறந்தவர், அம்மா சுவிசேஷ ஊழியக்காரி, கறுப்பின மக்களின் சபையில் கிடார் வாசித்தே வளர்ந்த பெண். அந்தக் கிடாரோடு 1938-இல் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதி மேடையில் ஏறியபோது சபை மக்கள் முகம் சுளித்தார்கள். 1944-இல் அவர் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’யைக் கேளுங்கள், ராக் அண்ட் ரோல் முழுசாக அதில் இருக்கிறது, எல்விஸ் அப்போது ஒன்பது வயதுப் பையன். இன்னும் பின்னால் போனால், காஸ்பெல் இசையின் தந்தை என்று எல்லோரும் சொல்லும் தாமஸ் டார்சி, ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்களின் உலகப் பாட்டு வாசித்தவர், 1928-இல் இரட்டை அர்த்தப் பாட்டு ஒன்றில் பெரிய ஹிட் கொடுத்தவர். அவர் சபைக்கென்று எழுதிய பாட்டுகளைச் சிகாகோவில் பல சபைகள் உள்ளேயே விடவில்லை, ப்ளூஸ் வாடை அடிக்கிறது என்று. 1932-இல் பிரசவத்தில் மனைவி இறந்து, குழந்தையும் இறந்து, அந்தத் துக்கத்தில் எழுதிய பாட்டைத்தான் இன்று உலகமெல்லாம் அடக்க ஆராதனைகளில் பாடுகிறார்கள். கிடார் சபையிலிருந்து வெளியே போனது, உள்ளே வந்தது, மறுபடி போனது. ஒவ்வொரு முறையும் வாசலில் யாரோ நின்று தடுத்தார்கள்.

எங்கள் தெருவில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்த ஓர் அண்ணன் இருந்தார். இரட்சிக்கப்பட்டு சபையில் சேர்ந்தார். ஆராதனையில் அவர் விரல் ஓடும்போது பாட்டிகள்கூட எழுந்து நின்று கை தட்டுவார்கள், எனக்குத் தெரிந்து அவ்வளவு சந்தோஷமாக அவர் கல்யாணக் கச்சேரியில் வாசித்ததில்லை. ஆனால் போதகர் கூப்பிட்டு, ‘உலகப் பாட்டு மாதிரி இருக்கு தம்பி, கொஞ்சம் அடக்கி வாசி’ என்றார். குழுவிலிருந்த நண்பர்களோ நீங்கள் சொல்வதையேதான் சொன்னார்கள்: ‘அவன் போயிட்டான்ப்பா.’ இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூட அவர் வாசித்ததைக் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது, கோபமும்.

நார்மனுக்கும் இதே கதிதான். நல்ல இசையெல்லாம் சாத்தானுக்கே ஏன் போக வேண்டும் என்று பாட்டின் தலைப்பிலேயே சண்டை போட்ட மனிதர். டிரம்ஸ் தாளமே பிசாசுடையது என்று அன்று பிரசங்கம் நடந்தது. பால்வினை நோயைப் பெயர் சொல்லிப் பாடியவரின் இசைத்தட்டைக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் பல வைக்க மறுத்தன. நிலவுக்குப் போன பெருமையைப் பேசும் நாட்டைப் பார்த்து, பிள்ளைகளைப் பட்டினி போட்டல்லவா போனாய் என்று கேட்டவர் அவர். இதைவிட என்ன கலகம் வேண்டும் உங்களுக்கு? தலைமுடியும் தோல் ஜாக்கெட்டும் போதுமென்றால் அதைச் சொல்லிவிடுங்கள்.

எந்த ஆல்பம் என்று கேட்டீர்கள், மறந்தே போய்விட்டேன். ‘ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்’, 1972, லண்டனில் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோவில் பதிவானது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்ததாக 2014-இல் அறிவித்தது, நார்மன் இறந்து ஆறு வருஷம் கழித்து. முழுசாகக் கேளுங்கள், இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அதற்கு முன்னால், 1964-இல் மான்செஸ்டரில் ஒரு பழைய ரயில் நிலைய மேடையில் தார்ப் கோட்டு போட்டுக்கொண்டு கிடாரோடு வருகிற காணொளியையும் பார்த்துவிடுங்கள்.