நாய் கட்டிலில் படுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடங்களுக்கு முன் தெருவில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்தோம். அன்றிலிருந்து எங்கள் கால்மாட்டில்தான் தூங்குகிறது. இப்போது மனைவிக்கு ஐந்தாம் மாதம். நாய் முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு ஆகாது, ஊருக்கு வெளியே எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் அம்மா. கட்டிலில் படுக்கவிட்டதே தப்பா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தப்பே இல்லை. முடி வாய்க்குள் போனாலும் கர்ப்பப்பைக்குப் போக அதற்கு வழி கிடையாது. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் மட்டும் நாய் படுக்கையறைக்குள் வராமல் இருப்பது நல்லது, ஆனால் அதற்கும் காரணம் முடி அல்ல, எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் இருக்கிற புரதம்.

நம்மூரில் பார்க்க வேண்டியது உண்ணியைத்தான். ராத்திரி டார்ச் அடித்துக் காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் முடியை விலக்கிப் பாருங்கள். ரத்தம் குடித்தது ஆமணக்கு விதை மாதிரி உப்பியிருக்கும். விரலால் நசுக்காமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்து எடுங்கள். உண்ணி மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுப் பூச்சி மருந்து, வருடா வருடம் ரேபிஸ் ஊசி, இதெல்லாம் சரியாக நடந்தால் பெரியவர்கள் இருவர் படுக்கிற கட்டிலில் நாயும் படுக்கலாம். தூக்கம் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 40 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்விலும், நாய் அறையில் இருந்தவரை தூக்கம் நன்றாகவே இருந்தது, கட்டிலில் ஏறியபோதுதான் சற்றுக் குறைந்தது.

ஆனால் குழந்தை வந்தபின் கூடாது. கைக்குழந்தை படுக்கும் இடத்தில் எவ்வளவு சாதுவான நாயும் வேண்டாம், தூக்கத்தில் மேலே சாய்ந்தாலே மூச்சு முட்டிவிடும். அதனால் இன்றைக்கே கீழே இறக்குங்கள். குழந்தை வீட்டுக்கு வரும் அன்று இறக்கினால், புது வாசனை வந்தது, நம் இடம் போச்சு என்றுதான் நாய்க்குப் படும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பாய் போட்டு, மனைவியின் பழைய புடவையை அதில் மடித்து விரியுங்கள். ஏறும் ஒவ்வொரு முறையும் அதட்டாமல் இறக்கிவிட்டு, பாயில் படுத்ததும் ஒரு பிஸ்கட் கொடுங்கள். முதல் சில ராத்திரி முனகும், அப்போது பரிதாபப்பட்டு ஒருநாள் ஏற்றினீர்களென்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

வெளியே கொண்டுபோய் விடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு வருடம் வீட்டுக்குள் வளர்ந்ததற்கு இரை தேடத் தெரியாது, அந்த இடத்து நாய்கள் அதைத் தங்கள் எல்லைக்குள் சேர்க்காது, கடித்துத் துரத்தும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிக் கேட்கவில்லையென்றால் அடுத்த ஊசிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், கால்நடை டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.