காயம் யாருக்கு என்பதை விடுங்கள், இடம் மாறியவர் யார் என்று பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப் ஒன்றின் ரசிகன் நான். (பெயர் வேண்டாம், மற்ற அணிகளை ஆதரிக்கும் நண்பர்களும் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள்.) கடைசி 6 ஆட்டங்களில் 4 தோல்வி, 1 டிரா. வழக்கமாக ஆடும் சென்டர் பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) இருவரும் இல்லை. ஒருவருக்கு முழங்கால், இந்த சீசன் அவ்வளவுதான். இன்னொருவருக்கு ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை), மூன்றாவது வாரம் ஓடுகிறது. அந்த இடத்தில் எங்கள் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை இறக்கி ஆடுகிறார்கள். புதன்கிழமை ஐரோப்பியக் கோப்பை ஆட்டம், சனிக்கிழமை வெளி மைதானத்தில் லீக் ஆட்டம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் ‘மேனேஜரைத் தூக்கு’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘எல்லாம் காயத்தால் வந்தது, ஆட்கள் திரும்பினால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். எது சரி? சனிக்கிழமை ஆட்டத்தை எதை வைத்துக் கணிப்பது?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி ‘மிட்ஃபீல்டரை இறக்கி ஆடுகிறார்கள்’ என்பதுதான். அதை நீங்களே போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். குழுவின் இரண்டு பாதிகளும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சென்டர் பேக் இல்லையென்றால் நாம் கோல் வாங்குவோம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் மிட்ஃபீல்டரைப் பின்னால் இழுத்து ஓட்டையை அடைத்தால், முதலில் நின்றுபோவது நம் அணி கோல் போடுவதுதான். இதற்கு 2020-21 லிவர்பூலைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. முந்தைய சீசனில் 99 புள்ளிகளோடு சாம்பியன் ஆன அணி அது. 2020 அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் விர்ஜில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் ஜோ கோமெஸ், ஜனவரி கடைசியில் ஜோயல் மட்டிப். ஃபபினியோவும் ஹெண்டர்சனும் பின்வரிசைக்கு இறங்கினார்கள்.

இப்போது கோல் கணக்கைப் பாருங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 21 வரை தொடர்ந்து நான்கு லீக் ஆட்டங்களில் லிவர்பூல் ஒரு கோல்கூடப் போடவில்லை. அந்த நான்கிலும் சேர்த்து வாங்கியதோ வெறும் 2 கோல். அதாவது தடுப்பு தாங்கியது, தாக்குதல்தான் செத்துப்போனது. முன்வரிசையின் சாலா, மானே, ஃபிர்மினோ மூவரும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த ஜனவரி 21 ஆட்டம் தொடங்கி, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ச்சியாக ஆறு லீக் தோல்விகள். அந்த ஆறிலும் சேர்த்து லிவர்பூல் போட்டது ஒரே கோல், அதுவும் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகச் சாலா அடித்த பெனால்டி.

காரணம் இதுதான். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரின் வேலை எதிரணியை நிறுத்துவது மட்டுமல்ல. நம் தாக்குதல் முறிந்து பந்து வெளியே தெறிக்கும்போது, அந்த இரண்டாவது பந்தை எதிரணிப் பாதியிலேயே பிடித்துத் திரும்ப உள்ளே அனுப்புபவர் அவர்தான். அவர் அங்கே இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களான ஃபுல் பேக்குகள் இருவரும் மேலே ஏறுகிறார்கள். அவர் 25 மீட்டர் பின்னால் போனதும், தெறித்த பந்து எதிரணிக்குப் போகிறது, ஃபுல் பேக் பாதி வழியில் நின்றுவிடுகிறார், முன்வரிசைக்கு வரவேண்டிய பாஸ் ஒரு நொடி தாமதமாகிறது. அந்த ஒரு நொடியில் எதிரணி ஒழுங்காக நின்றுகொள்ளும். ஒருவருக்குக் காயம் என்றாலும் பழுது இரண்டு இடத்தில்.

மார்ச் மாதத்தில் அப்போதைய லிவர்பூல் மேனேஜர் யூர்கன் க்ளோப் ஃபபினியோவை மீண்டும் நடுக்களத்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் நின்றவர்கள் நாட் பிலிப்ஸும், ஷால்கேயிலிருந்து கடனாக வந்த ஓசான் கபாக்கும். கபாக்கும் விழுந்த பிறகு இளைஞர் ரீஸ் வில்லியம்ஸ். வான் டைக் திரும்பவே இல்லை. ஆனாலும் கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா, மூன்றாவது இடம். ஆக ‘ஆட்கள் திரும்பினால்தான் சரியாகும்’ என்று சொல்வோரும் பாதிதான் சரி. காயம் பட்டவர் திரும்பவேண்டிய அவசியமில்லை. இடம் மாறியவர் தன் இடத்துக்குத் திரும்பினாலே பெரும்பகுதி சரியாகும். ஐந்தாம் தர சென்டர் பேக்கும் சொந்த இடத்தில் நிற்கும் மிட்ஃபீல்டரும் சேர்ந்த அணி, பல சமயம் மேலான அணி.

அடுத்து உங்கள் ‘6 ஆட்டங்களில் 4 தோல்வி’. இந்த எண் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, மன்னிக்கவும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: எதிரணி பட்டியலில் எத்தனையாவது இடம், சொந்த மைதானமா வெளியா, முதல் கோல் யாருக்கு எந்த நிமிடத்தில், சிவப்பு அட்டை உண்டா. 20ஆவது நிமிடத்தில் பத்துப் பேரான ஆட்டத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். பிறகு எக்ஸ்ஜி, அதாவது கிடைத்த வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் வந்திருக்கவேண்டும் என்ற கணக்கு. இதை ஒரு ஆட்டத்துக்குப் பார்த்துச் சண்டை போடுவது வீண். குறைந்தது பத்து ஆட்டத்துக்குக் கூட்டிப் பாருங்கள். பெனால்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.76 முதல் 0.79 வரை சேர்க்கும், ஆகவே பெனால்டியைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொரு பொறி: சீக்கிரம் முன்னிலை பெற்ற அணி பின்னால் உட்கார்ந்துகொள்ளும், தோற்கும் அணி தூரத்திலிருந்தாவது அடித்துக்கொண்டே இருக்கும். 2-0 என்று தோற்ற ஆட்டத்தில் நம் எக்ஸ்ஜி அதிகம் என்று குழுவில் மார்தட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆட்டம் 0-0 ஆக இருந்த நிமிடங்களில் யார் கை ஓங்கியிருந்தது என்பதுதான் கேள்வி.

பத்து ஆட்டக் கூட்டலில் உங்கள் அணி எதிரணிகளைவிட மேலே இருந்து, கோல் மட்டும் விழவில்லை என்றால், மேனேஜரைத் தூக்குவது அவசரம். 2020-21 பிரைட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புகளை உருவாக்கினார்கள், கோல் ஆக்கத் தெரியவில்லை. வெஸ்ட் ப்ராம் மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு 1-0 என்று தோற்றார்கள். சீசன் முடிவில் 41 புள்ளிகள், 16ஆவது இடம். மேனேஜர் கிரஹாம் பாட்டரை நீக்கவில்லை; அடுத்த சீசனில் 51 புள்ளிகள், 9ஆவது இடம். மாறாக, கூட்டலிலும் கீழே, அதுவும் காயங்களுக்கு முன்பிருந்தே கீழே என்றால், உங்கள் குழுவின் முதல் பாதி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். காயம் பட்ட தேதியில் ஒரு கோடு போட்டு, அதற்கு முன் பின் என்று பிரித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். புது மேனேஜர் வந்ததும் வரும் வெற்றிகளை வைத்து வாதாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அணி அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் மேனேஜரை மாற்றுகிறார்கள், அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

ஹாம்ஸ்ட்ரிங் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளை 2001 முதல் பின்தொடரும் யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு) ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 12 சதவீதத்திலிருந்து 2021-22இல் 24 சதவீதமாகிவிட்டது. ஆட்டத்தில் முழுவேக ஓட்டங்கள் கூடியதும், ஆட்டங்களுக்கு இடையே நாள் குறைந்ததும் சேர்ந்து செய்த வேலை. ‘ஹாம்ஸ்ட்ரிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு வார ஓய்வும் உண்டு, மூன்று மாதமும் உண்டு. தசை நார் மட்டும் கிழிந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஓடலாம். கிழிசல் தசைக்குள் ஓடும் தசைநாணைத் தொட்டால் கணக்கே வேறு. பிரிட்டிஷ் தடகள மருத்துவர்கள் வகுத்த பட்டியலில் 0 முதல் 4 வரை எண்ணும், பக்கத்தில் ஏ, பி, சி என்ற எழுத்தும் இருக்கும். அந்த ‘சி’ தசைநாணைக் குறிக்கும். எண் சின்னதாக இருந்தாலும் ‘சி’ என்றால் ஆள் சீக்கிரம் வரமாட்டார். கிளப்புகள் இதை வெளியே சொல்வது அரிது.

அதனால் மேனேஜர் பேச்சில் ‘முன்னேறிவருகிறார்’, ‘நாளுக்கு நாள் பார்க்கிறோம்’ என்பதையெல்லாம் விட்டுவிட்டு, பயிற்சியில் எந்தப் படியில் இருக்கிறார் என்பதை மட்டும் பிடியுங்கள். ஜிம், பிறகு புல்தரையில் தனியாக ஓட்டம், பிறகு அணியோடு பாதிப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி. முழுப் பயிற்சிக்கு வந்து ஒரு வாரம் ஆகாதவரை தொடக்கப் பதினொருவரில் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஆள் மூன்றாவது வாரத்தில் இன்னும் தனியாகத்தான் ஓடுகிறார் என்றால் சனிக்கிழமைக்கு இல்லை, அவ்வளவுதான். ஒருவேளை வெள்ளிக்கிழமை பேட்டியில் ‘வாய்ப்பு உண்டு’ என்று சொன்னால் மகிழ்ச்சிக்குப் பதில் கவலைப்படுங்கள். இதே தசை மறுபடி கிழிவது பெரும்பாலும் திரும்பிவந்த முதல் இரண்டு மாதத்தில்தான். சென்டர் பேக் நின்ற இடத்தில் ஆடுபவர்தானே என்று நினைக்கவேண்டாம். உயர்ந்த தடுப்புக் கோடு வைத்து ஆடும் அணியில், முதுகுக்குப் பின்னால் போன பந்துக்குத் திரும்பி முழுவேகத்தில் ஓடுபவர் அவர்தான். அந்த ஓட்டத்தில்தான் கிழிகிறது.

முழங்கால்காரரைப் பற்றி: ஏசிஎல், அதாவது முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார், கிழிந்தது என்றால் ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வான் டைக் 2020 அக்டோபரில் விழுந்து, அடுத்த லீக் ஆட்டத்தை ஆடியது 2021 ஆகஸ்ட் 14, நார்விச்சில்.

சனிக்கிழமைக் கணிப்பு புதன்கிழமையே தொடங்குகிறது. ஐரோப்பிய ஆட்டத்தில் 60ஆவது நிமிடத்தை ஒட்டி யாரை வெளியே எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்; ஆட்டம் கையைவிட்டுப் போகாத நிலையில் வெளியே வருபவர் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்குவார். 90 நிமிடமும் ஓடிய முப்பது வயது தாண்டிய ஃபுல் பேக் தொடங்கினால், அவர் பக்கம்தான் எதிரணி வரும். சனிக்கிழமை மதியம் 12:30 ஆட்டம் என்றால் நடுவில் மூன்று முழு நாள்கூட இருக்காது. 2020 நவம்பரில் லிவர்பூல் புதன் இரவு அட்டலாண்டாவோடும், சனி மதியம் பிரைட்டனோடும் ஆடியபோது ஜேம்ஸ் மில்னரின் ஹாம்ஸ்ட்ரிங் போனதும், க்ளோப் தொலைக்காட்சிக்காரர்களிடம் சீறியதும் இதனால்தான்.

லைன்அப், அதாவது களமிறங்குவோர் பட்டியல், ஆட்டத்துக்கு 75 நிமிடம் முன்பு வரும். இங்கிலாந்து நேரம் மாலை 3 மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8:30, லைன்அப் 7:15. அக்டோபர் கடைசி ஞாயிறு வரையிலும், மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகும் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாக. தொலைக்காட்சி காட்டும் 4-3-3 படத்தை நம்பாதீர்கள். பெயர்களை வைத்து யாரோ ஊகித்துப் போடுவது அது. உண்மையான இடம் முதல் கோல் கிக்கில்தான் தெரியும்.

அந்த மிட்ஃபீல்டர் மறுபடி பின்னால்தான் நிற்கிறார் என்றால் முதல் கால் மணி நேரத்தில் மூன்று இடத்தில் கண் வையுங்கள். எதிரணியின் உயரமான ஃபார்வர்டு இரண்டு சென்டர் பேக்கில் யாரோடு போய் ஒட்டிக்கொள்கிறார்? விவரமான அணி நேராக உங்கள் மிட்ஃபீல்டரிடம்தான் ஆளை அனுப்பும், குறுக்கே நீளப் பந்தும் அவர் தலைக்குத்தான் வரும். இரண்டாவது, ஆஃப்சைடு கோடு. நடுக்களத்துக்காரருக்குப் பந்தை நோக்கி முன்னே பாயும் பழக்கம் ஊறிப்போயிருக்கும். அவர் பாய்ந்து தவறவிட்டால் பின்னால் கதவு திறந்த மாதிரிதான். மூன்றாவது, நமக்கு எதிரான கார்னர். வழக்கமான சென்டர் பேக் இருவரும் இல்லாதபோது யார் யாரைப் பிடிப்பது என்ற பட்டியலே மாறியிருக்கும், முதல் கம்பத்தில் யாரும் இல்லாமல் போவது இங்கேதான். அதே நேரம் அவரிடமிருந்து நல்லதும் வரும்: பின்னாலிருந்து பாஸ் சுத்தமாக வெளியேறும். எதிரணி அழுத்தாமல் பின்வாங்கி உட்கார்ந்தால் அந்த நல்லதும் பயனில்லை. பந்து நம்மிடம் 65 சதவீதம் இருக்கும், ஷாட் இருக்காது.

என் கணிப்பைக் கேட்டால்: அவர் பின்னால் என்றால் வெளி மைதானத்தில் 0-0, 1-0 போன்ற குறைந்த கோல் ஆட்டம், ஒரு புள்ளி வந்தால் நல்லது. இரண்டு இளைஞர்களைப் பின்னால் விட்டு அவரை நடுவில் நிறுத்தினால் கோல் வாங்கும் அபாயம் கூடும், ஆனால் ஜெயிக்கவும் வாய்ப்பு உண்டு. நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். எந்த அணியை இறக்கினாலும் அவருடைய மஞ்சள் அட்டை எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சென்டர் பேக்காக ஆடும் மிட்ஃபீல்டர் தாமதமான டேக்கிளில் அட்டை வாங்குவது சகஜம். முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் ஐந்து அட்டை சேர்ந்தால் ஒரு ஆட்டம் தடை. நான்கில் இருக்கிறார் என்றால் அடுத்த வாரக் கணக்கையும் இப்போதே போட்டு வையுங்கள்.