சி.எஸ்.ஆர். சீட்டு கையில் இருக்கிறது, கேஸ் போட்டாச்சா?

கேள்வி: விளவங்கோடு தாலுகாவில் எங்களுக்குச் சின்ன ரப்பர் தோட்டம் இருக்கிறது. போன மாதம் ஒரு ராத்திரி, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைப்புரையின் பூட்டை உடைத்து, காய்ந்த ஷீட்டை எல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா ஸ்டேஷனில் மனு கொடுத்தார். சி.எஸ்.ஆர். எண் போட்ட ஒரு சீட்டு தந்தார்கள். அப்புறம் 'விசாரணைக்கு வாங்க' என்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். கேஸ் நடக்கிறது என்று அப்பா நம்புகிறார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவருக்கு 68 வயது. மகஜர், சார்ஜ் ஷீட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது எப்போது வரும்?

பதில்: உங்கள் சந்தேகம் சரியானது. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது, அவ்வளவுதான். அதை வைத்து நடப்பது மனு விசாரணை. வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகுதான் பிறக்கிறது. அதில் குற்ற எண், ஆண்டு, சட்டப்பிரிவு மூன்றும் இருக்கும். அதன் பிறகு நடப்பதுதான் புலன் விசாரணை. இரண்டையும் ஸ்டேஷனில் 'விசாரணை' என்றே சொல்வதால் உங்கள் அப்பாவைப் போல நிறையப் பேர் மாதக்கணக்கில் காத்திருந்துவிடுகிறார்கள். எனவே அடுத்த முறை போகும்போது ரைட்டரிடம் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) ஒரே கேள்வி கேளுங்கள்: 'குற்ற எண் என்ன?' எண் இல்லை என்றால் வழக்கு இல்லை.

உங்கள் விஷயத்தில் வழக்குப் பதிய மறுக்கக் காரணமே கிடையாது என்பது என் கருத்து. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) இதில் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம்.

இங்கேதான் மனுவில் எழுதிய வார்த்தைகள் முக்கியமாகின்றன. 'ஷீட் காணவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாதாரணத் திருட்டு, பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 303-ம் பிரிவு. அதிலும் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாத வகைக்குள் போய்விடக்கூடும். ஆனால் பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலிருந்து திருடினால் 305-ம் பிரிவு, ஏழு ஆண்டு வரை தண்டனை. இரவில் பூட்டை உடைத்து நுழைந்திருந்தால் 331-ம் பிரிவும் சேரும். இவற்றுக்கு அந்த 14 நாள் விலக்கு பொருந்தாது. ஆகவே அப்பா கொடுத்த மனுவின் நகலை எடுத்துப் பாருங்கள். கட்டடம், பூட்டு, இரவு, எத்தனை ஷீட், எத்தனை கிலோ, அன்றைய விலையில் எவ்வளவு ரூபாய், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதெல்லாம் இருக்கிறதா? இல்லையென்றால் கூடுதல் மனு ஒன்று எழுதிக் கொடுங்கள். ஷீட் விற்ற பழைய கடை பில்லை இணையுங்கள். ஷீட்டின் மேல் உங்கள் ரோலர் மெஷின் பதிக்கும் கோடுகளில் தனி அடையாளம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். பிற்பாடு பொருள் பிடிபட்டால் 'இது எங்களுடையது' என்று சொல்ல அது உதவும். உடைந்த பூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் எழுதிவாங்க மறுத்தால் புகாரின் சாரத்தை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் உங்கள் எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். அதற்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு வழி தருகிறது. 'அது எங்க லிமிட் இல்ல' என்ற பதிலும் இப்போது செல்லாது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம், அப்புறம் உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவார்கள். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே பஸ்ஸில் நகையைப் பறிகொடுத்தவர்களுக்கு இது பெரிய உதவி.

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் ஒரு நகலை இலவசமாகத் தரவேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் இறக்கிக்கொள்ளலாம். கேரளத்துப் பேச்சு பழகிய நம் பகுதியில் சிலர் 'பிரதி' என்றதும் குற்றவாளி என்று நினைத்துக் குழம்புவதுண்டு. இங்கே காவல்துறைத் தாள்களில் குற்றம் சாட்டப்பட்டவர் 'எதிரி'. பிரதி என்றால் நகல்தான்.

அப்புறம் விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கு வந்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது பார்வை மகஜர். கூடவே மாதிரி வரைபடம் போடுவார்கள். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். பொருள் பிடிபட்டால் எழுதுவது கைப்பற்றுதல் மகஜர்.

உங்கள் அப்பாவை வாக்குமூலத்துக்காக ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்க வேண்டியதில்லை. 60 வயதைத் தாண்டிய ஆணையும் எந்த வயதுப் பெண்ணையும் சாட்சி சொல்ல அவர்கள் வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ம் பிரிவு. அவராக விரும்பிப் போனால் போகலாம். போலீஸ் எழுதும் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவும் வேண்டாம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்கவேண்டும். முடிவில் கோர்ட்டுக்குப் போவது குற்றப்பத்திரிகை, அதாவது சார்ஜ் ஷீட். ஆள் கிடைக்கவில்லை என்றோ மேல் நடவடிக்கையைக் கைவிடுவதாகவோ முடித்தால் உங்களுக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ், அதாவது வழக்கை முடித்துவிட்டதாகச் சொல்லும் அறிவிப்பு வரும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் கோர்ட்டில் ஆட்சேபம் தெரிவிக்க உரிமை உண்டு.

ஷீட் பிடிபட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது பூசணம் பிடிக்கிற பொருள். வழக்குச் சொத்தைப் போட்டோ எடுத்துப் பட்டியலிட்டுவிட்டு, 30 நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பது என்று கோர்ட் முடிவெடுக்கப் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ம் பிரிவு சொல்கிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த தகவல் தெரிந்த அன்றே ஒரு வக்கீல் மூலம் திரும்பக் கேட்டு மனு போட்டுவிடுங்கள்.